சம்பந்திக்காக மாட்டிய வளைவு

பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாதங்களில் தகப்பனின் தலை மேலும் கீழும் மட்டும்தான் ஆடும். என் தலை அப்படி ஆடியதில் ஒரு மனிதரின் கண்ணே போயிருக்கும். நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது. அடுத்த நிமிடமே கோபம் வந்துவிடுகிறது.

அப்போது நான் பினாங்குத் துறைமுகத்தருகே கடலைத் தூர்க்கும் வேலையில் பம்பு மேற்பார்வையாளன். மணலைத் தண்ணீரோடு கலந்து குழாயில் அடிப்போம். குழாய் திரும்பும் இடத்தில் மணல் மோதி மோதி இரும்பை அரித்துவிடும். வளைவுகளை மாற்றி அலுத்துப்போய், அங்கே ஆங்கில ‘T’ எழுத்து மாதிரி ஒரு துண்டை மாட்டி, அதன் நேர்முனையை மூடிவைத்தேன். அந்த முட்டுச்சந்தில் மணல் அடைந்து நிற்கும். பின்னால் வரும் மணல் அந்த மணலிலேயே மோதித் திரும்பும், இரும்பு பிழைக்கும். (என் வாழ்நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். அதற்கும் ஆயுசு கெட்டியில்லை.)

என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன ஆயர் ஈத்தாம் ஊர்ப் பெரிய கிராணியார், பதில் சொல்லுமுன் என் உத்தியோகத்தையும் பார்க்க வேண்டுமென்று மகனோடு வந்தார். வெள்ளைக் கோட்டு, தொப்பி, காலில் வெள்ளைச் சப்பாத்து. கப்பல் சரக்குக்குக் கணக்கு எழுதுகிறவர்; ஒரு ஸ்பேனரைத் தொட்டதில்லை.

“இது என்ன, முட்டிக்கிட்டு நிக்குது? தண்ணி வழுக்கிட்டுப் போகணும் லா. அந்த வளைவு லட்சணமா இருக்கே, அதை மாட்டச் சொல்லுங்க.”

அவர் காட்டியது நான் கழற்றிப் போட்ட பழையது. வெளியே லட்சணம், உள்ளே வெற்றிலை கனம்.

“அது உள்ளுக்குத் தேஞ்சு...”

“சம்பந்தம் பேச வந்த இடத்துல மறுத்துப் பேசறீங்களே.”

தலை ஆடியது. ஃபிட்டர் மாணிக்கம் என்னையே பார்த்தான். “நெசமாவா அண்ணே?”

“மாட்டு.”

பம்பு ஓடியது. கிராணியார் வளைவருகே போய்க் காதைச் சாய்த்தார். “பாத்தீங்களா, சத்தமே இல்ல.”

சத்தம் வந்தது. வளைவின் முதுகு பிளந்து, மணலும் சேறும் அவரை நெற்றி முதல் சப்பாத்து வரை பூசின. தொப்பி கடலுக்குப் போயிற்று. பம்பை நிறுத்திவிட்டு ஓடினேன். இரண்டு கண்ணும் திறந்தன. எனக்கு மூச்சு வந்தது. கூடவே, கல்யாணம் போயிற்று என்பதும் புரிந்தது.

பையன் மட்டும் நிதானமாகச் சொன்னான். “தண்ணி வழுக்கிட்டுத்தான் போகுதுப்பா.”

கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் என்று அவன் பிடிவாதமாக நின்றதால் கல்யாணம் நடந்தது. ஆனால் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கெல்லாம் கிராணியார் சொல்லும் கதையே வேறு.

“பழைய வளைவை மாட்டாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மனுஷன் கேட்டாத்தானே. என்ன சம்பந்தி?”

எல்லோரும் சிரிப்பார்கள். பரிமாறிக்கொண்டிருக்கும் என் மகள், கரண்டியோடு நின்று என் முகத்தையே பார்ப்பாள். அவள் வாழ்வது அவர் வீட்டில். பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

போன தீபாவளிக்கும் என் தலை மேலும் கீழும்தான் ஆடியது.