கோழித்தலை சாரும் என் நொண்டிக் கோழியும்

கோழிக் குழம்பு வாசனை வரும் வீட்டுக்குள் நுழைந்து, "இது சந்தோஷமா வாழ்ந்துச்சா?" என்று கேட்கிற ஆள் பூமியில் ஒருவர்தான். பழவேற்காட்டில் எங்கள் குப்பத்துக்கு வந்த கோழித்தலை சார்.

பொன்னேரி பஸ்ஸில் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினார். இறால் வாங்க வந்தவர் என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவரோ, "கோழி அறுத்தா தலை மட்டும் குடுங்க" என்றார். அன்று முதல் ஊர்ப் பூனைகள் எல்லாம் அவர் பின்னால்.

அவர் கோழி மூளையை ஆராய்ச்சி செய்கிறவர். அதற்குள் ஒரு சின்ன இடம் இருக்கிறதாம். அடைபட்டு, பயந்து வாழ்ந்த உயிருக்கு அங்கே புது உயிரணுக்கள் குறைந்துபோகுமாம். நிம்மதியாக வாழ்ந்ததற்கு நிறைய இருக்குமாம்.

"உசுரோட இருக்கசொல்லோ பாத்தா தெரியாதா சார்?" என்றாள் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா.

"அன்னிக்கு எப்படி இருக்குனுதான் தெரியும். ஆயுசு பூரா எப்படி இருந்துச்சுனு மூளைதான் சொல்லும்."

பிறர் மனம் கோணாமல் பேச அவருக்குத் தெரியாது. ஊர்த் தலைவர் கம்பிக் கூண்டில் வைத்து, பாதாம் ஊட்டி வளர்த்த சேவலின் தலையைச் சோதித்துவிட்டு, சார் "பாவம், பயந்தே வாழ்ந்திருக்கு" என்றார். உள்ளேயிருந்து தலைவர் மனைவி, "சார், அப்டியே என் மூளையும் ஒரு தபா பாத்துடுங்க" என்றாள்.

பிறகு தலை கொடுக்கப் போட்டி. அவரால் ஒரு நாளைக்கு ஒன்றுதான் முடியும். ஏரியில் வலை போடும் இடத்துக்குச் சீட்டுப் போட்டு முறை வைப்போம். அதைப் பாடு என்போம். கோழித்தலைக்கும் பாடு வைத்தார்கள். பாட்டை யாரும் யாருக்கும் விட்டுத்தருவதில்லை.

என்னிடம் ஒரு நொண்டிக் கோழி இருந்தது. நாய்க்குப் பயந்து கூடையைக் கவிழ்த்து அதற்குள்ளேயே வளர்த்தேன். இறால் உரிக்கும்போது மட்டும் வெளியே எடுத்து, மனிதர்களிடம் பேசாததையெல்லாம் அதனிடம் பேசுவேன். "ஜெயில்ல வச்சி கொல்றியேடி" என்பாள் கஸ்தூரி அக்கா. அது எனக்கு உள்ளே குத்தும்.

கோழி கிழடாகிச் செத்த அன்று பாடு கஸ்தூரி அக்காவுடையது. நாள் தள்ளினால் மூளை கெட்டுவிடும். கேட்கக் கூச்சப்பட்டு அவள் வாசலில் நின்றேன்.

"இன்னாடி, மரம் மாரி நிக்கற? என் பாட்ட நீயே எடுத்துக்க. நான் சொன்னது நெசமானு தெரியட்டும்."

வாரங்கள் போயின. ஒரு காலை சார் வந்து நின்றார்.

"ஒரு தலைய வச்சு சத்தியம் பண்ண மாட்டேன்மா. ஆனா பண்ணைக் கோழி மாதிரி இல்ல. அந்த வயசுக்கு அந்த இடம் நல்லா நிறைஞ்சிருக்கு. நிம்மதியாதான் இருந்திருக்கணும்."

மனம் கோணாமல் பேசத் தெரியாதவர் சொன்ன சொல். அப்போதுதான் எனக்கு மூச்சு முழுதாக வந்தது. கஸ்தூரி அக்கா என்னையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அதுல எனக்கும் ஒரு எடம் போடுடி" என்றாள்.

வேலை முடிந்து சார் போய்விட்டார். பொன்னேரி பஸ் வந்து நின்றால் பூனைகள் இன்னும் எட்டிப் பார்க்கின்றன. நானும்தான்.