பவளத்துக்குப் போட்ட பந்தல்

இனிமேல் சனிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டில் தான் படுத்தால் எவரும் எழுப்பக் கூடாது என்று, போடிமெட்டிலிருந்து இறங்கும் ஜீப்பிலேயே கோட்டைச்சாமி முடிவு செய்துவிட்டார். ஜீப்பில் பதினாறு பேர். அவருடைய ஒரு கால் மட்டும்தான் உள்ளே இருந்தது. முடிவெடுக்க அது போதும்.

மலையில் ஏலக்காய் எஸ்டேட் ஒன்றில் நாற்றங்கால் கங்காணி அவர். கன்றுகளுக்கு மேல் தழைப் பந்தல் போடுவதும், வெயில் எவ்வளவு விழலாம் என்று பார்த்துப் பார்த்துத் தழையை விலக்குவதும் அவர் சோலி. வாரம் முழுக்க நிழலிலேயே நின்று, மழையில் நனைந்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருகிற மனுஷனுக்கு, வாரத்தில் ஒரு சாயங்காலம் பாயில் நீட்டிப் படுக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு மிச்சமில்லை.

அந்த ஒரு ஆசையிலும் டியூப் லைட் விழுந்தது.

போடியில் அவர்கள் வீட்டுக்கு இருப்பது ஒரே ஒரு கூடம். உள் அறையில் பாதி நாள் ஏலக்காய் மூட்டை குடியிருக்கும். மனைவி ஜக்கம்மாள் மண்டியிலிருந்து காய் வாங்கி வந்து தரம் பிரித்துக் கொடுப்பவள். பச்சைக்காய் தனி, வெடித்தது தனி, பூச்சி விழுந்தது தனி. பழைய குண்டு பல்பு இருந்தவரை பொழுது சாய்ந்தால் வேலை நின்றுவிடும். கூடத்தில் டியூப் லைட் மாட்டியதும் தெருப் பெண்கள் அத்தனை பேரும் காய் புடைத்துப் பிரிக்கும் சுளகோடு அங்கே வந்துவிட்டார்கள். சுளகுச் சத்தம் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். நடுவில் கோட்டைச்சாமி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, உயிரோடு.

"ஏத்தா, அந்த லைட்டக் கொஞ்சம் அமத்துறியா?"

"அமத்திட்டு? காயத் தடவிப் பாத்தா தரம் பிரிக்கச் சொல்றீங்க?"

"நான் தூங்க வேணாமா?"

"தூங்குங்க. யாரு கையப் பிடிச்சா?"

பக்கத்து வீட்டு மாயக்காள் பரிந்து பேசினாள். "பாவம், அண்ணே கண்ணு கூசுது போல. அண்ணே, சொவத்துப் பக்கமாத் திரும்பிப் படுங்க." சுவர்ப் பக்கம் முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள்.

இப்படி இருக்கையில்தான் மைத்துனன் மொக்கையன் வந்து சேர்ந்தான். தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றிவரும் லாரி டிரைவர். அக்காவுக்கென்று எதையாவது கொண்டுவராமல் இருக்க மாட்டான். இந்தத் தடவை ஒரு கண்ணாடித் தொட்டி, கேன் நிறையக் கடல் தண்ணீர், அதற்குள் விரல் விரலாகக் கிளைத்த ஒரு கல்.

"கல்லு இல்ல மச்சான், பவளம். உசிரு இருக்கு. சங்கு குளிக்கிற சேக்காளி ஒருத்தன் குடுத்தான். உத்துப் பாருங்க, பொடிப் பொடியாப் பூ விரிஞ்சிருக்கும்."

ஜக்கம்மாள் முகம் மலர்ந்துபோய்த் தொட்டியை டியூப் லைட்டுக்கு நேர் கீழே, மேசையில் வைத்தாள். தம்பி கொண்டுவந்தது செங்கல்லாக இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பாள்.

"ஒண்ணே ஒண்ணு அக்கா. புது வெளிச்சத்த ஒரேயடியாக் காட்டிராத. வெளுத்துச் செத்துப்போகும்னு சொன்னான். கொஞ்சங் கொஞ்சமாப் பழக்கணுமாம்."

கோட்டைச்சாமி பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். வருஷக் கணக்காக அவர் காதில் இவ்வளவு இனிமையாக எதுவும் விழுந்ததில்லை.

"மாப்ளே, இத நீ என்கிட்ட விட்ரு. ஏலக் கன்னு வளத்த கையி இது. நிழல்ல இருந்து வெளிச்சத்துக்குப் பழக்குறதுதேன என் சோலியே!"

மைத்துனன் கூடலூருக்கு லோடு இறக்கப் போனதும் வேலையைத் தொடங்கினார். டியூப் லைட்டுக்குக் கீழே கயிறு கட்டி நாலு வேட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தார். தொட்டியைச் சாக்கால் சுற்றி மூடினார். கூடம் கும்மென்று இருண்டது. சுளகில் கிடப்பது காயா கல்லா என்று தெரியாமல் பெண்கள் முனகிக்கொண்டே எழுந்து போனார்கள்.

"எம்புட்டு நாளைக்கு இந்தப் பந்தல்?" என்று கேட்டாள் ஜக்கம்மாள்.

"அது பவளத்தப் பொறுத்தது. பழகப் பழக ஒவ்வொரு வேட்டியா எடுக்கலாம். ஆனா சாக்க மட்டும் யாரும் தெறக்கக் கூடாது, நான் உள்பட. நாத்துப் பந்தலுக்குள்ள சும்மாச் சும்மா எட்டிப் பாத்தா நாத்து நோயில விழுந்துரும்."

"தெறக்காம, பழகிருச்சான்னு எப்படித் தெரியும்?"

"தொட்டுப் பாத்தே சொல்லிருவேன். அனுபவம்."

ஜக்கம்மாள் தன் சுளகை எடுத்து ஓரமாக வைத்தாள். "என் தம்பி கொண்டாந்த சாமான். பக்குவமாப் பாத்துக்கங்க," என்று மட்டும் சொன்னாள். இவ்வளவு லேசில் அவள் ஒத்துக்கொண்டதற்கு அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் மனுஷனுக்குத் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை வந்ததும் சாக்கின் மேல் உள்ளங்கையை வைத்து, வைத்தியரைப் போலக் கண்ணை மூடினார்.

"ம்ஹூம். இன்னும் வெளிச்சம் தாங்காது."

"அப்படிங்களா?" என்றாள் ஜக்கம்மாள், ரொம்பப் பணிவாக.

அன்று அவர் தூங்கிய தூக்கத்தில் தெரு நாய் கூட மரியாதையாகக் குரைத்தது. கோட்டைச்சாமிக்கு வாழ்க்கை பிடித்துப்போயிற்று. பவளம் பழகவே பழகாது என்று தீர்மானமாக நினைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் கூடம் ஒரு பொட்டு வெளுத்தாற்போல இருந்தது.

"வேட்டி நாலும் இருக்கா?"

"மலை இருட்டுலயே கெடந்து வர்றீங்க. இங்க எதப் பாத்தாலும் வெளிச்சமாத்தேன் தெரியும். படுங்க."

நியாயமாகத்தான் பட்டது. எழுந்து எண்ணிப் பார்க்க உடம்பில் தெம்பில்லை. மூலையில் மாயக்காள் மட்டும் சுளகோடு உட்கார்ந்திருந்தாள். ஒருத்திதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். வேறொரு வாரம் மாயக்காளோடு முத்துப்பேச்சியும் இருந்தாள். இரண்டு பேர் பேசினால் அது பேச்சு. பத்துப் பேர் பேசினால்தான் சத்தம் என்று சமாதானம் செய்துகொண்டு கண்ணை மூடினார். அவ்வளவு களைப்பு. ஆனால் சாக்கைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் தாங்கல," என்று அறிவிக்க மட்டும் ஒரு வாரமும் தவறவில்லை. ஒரு தடவை, "பூ கொஞ்சம் சுருங்கியிருக்கு," என்று கூடச் சொன்னார். ஜக்கம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி சாமானுக்காகத் துக்கப்படுகிறாள் என்று அவருக்குப் பாவமாக இருந்தது.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நல்ல உறக்கத்தில் இருந்தவரை யாரோ தோளைத் தொட்டு உலுக்கினார்கள். மொக்கையன்.

"மச்சான்! கல்யாண வீடு மாதிரி இம்புட்டு வெளிச்சத்துல, இம்புட்டுக் கூட்டத்துல எப்படித்தேன் தூங்குறீங்க? குடுத்துவச்ச ஆளு!"

கோட்டைச்சாமி கண்ணைத் திறந்தார். தலைக்கு மேல் டியூப் லைட் அம்மணமாக எரிந்தது. ஒரு வேட்டி கூட இல்லை. அவரைச் சுற்றித் தெருவே உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தது. அவர் வயிற்றோரம் ஒரு சுளகு ஒட்டி நின்றது.

"யாரு பந்தலப் பிரிச்சது?" என்று கத்தினார். "அய்யோ, பவளம்!" பாய்ந்துபோய்ச் சாக்கின் மேல் கையை வைத்தார். "போச்சு! உள்ள கெடந்து துடிக்குது! வெளிச்சம் தாங்காமத் துடிக்குது!"

பெண்கள் பக்கம் சுளகுகள் நின்றன. மொக்கையன் தலையைச் சொறிந்தான்.

"எங்க துடிக்குது மச்சான்? நீங்க பந்தல் போட்டுட்டு மலையேறுன அன்னிக்கே, நான் கூடலூர்ல இருந்து திரும்புற வழியில, உசிருள்ளதச் சாக்குல மூடிக் கொல்றாரு, கொண்டுபோயிக் கடல்லயே விட்ருன்னு அக்கா என்கிட்டக் குடுத்தனுப்பிருச்சே!"

கோட்டைச்சாமி சாக்கை இழுத்தார். தொட்டி நிறைய முதல் தர ஏலக்காய். காய்ந்த, பச்சைப் பசேலென்ற, துடிக்காத ஏலக்காய்.

மாயக்காள்தான் முதலில் சிரித்தாள். பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்வது கஷ்டம். கோட்டைச்சாமிக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் கங்காணி இல்லையா, விடவில்லை.

"அப்ப வாரா வாரம் ஒவ்வொரு வேட்டியா உருவினியே, ஒவ்வொரு ஆளாக் கூட்டியாந்தியே, அதெல்லாம் எதப் பழக்குறதுக்குடி?"

ஜக்கம்மாள் சுளகிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"உங்களத்தேன். நல்லாப் பழகிட்டீங்க. காலக் கொஞ்சம் மடக்கிக்கங்க, அடுத்த மூட்டைய அவுக்கணும்."