நாய்க்கடிக்கு மஞ்சள் தடவிய மூன்று கடிதங்கள்

வாய் இல்லாதவர்கள் யார் என்று நாய்க்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. அன்றைக்கு நடவுக்குப் போனவர்கள் நாங்கள் பன்னிரண்டு பெண்கள். முன்னால் போனவள் தன் மருமகளை ஏசிக்கொண்டே போனாள். பின்னால் வந்தவள் மாமியாரை ஏசிக்கொண்டே வந்தாள். நடுவில், தூக்குவாளிச் சத்தம்கூட வெளியே கேட்காமல் நடந்துகொண்டிருந்த என்னைத்தான் அது தேர்ந்தெடுத்தது.

நான் அப்படிப்பட்டவள்தான். பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஊரில் யாராவது இறங்கும்போது சேர்ந்து இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். (ஒரு தடவை இல்லை, நாலு தடவை.) படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்தது, நான் இந்தக் கரையில் இருந்தேன். அவ்வளவுதான் என் கல்வி வரலாறு.

கடித்தது உரக்கடை ராஜமாணிக்கம் அண்ணன் வீட்டு ஜிம்மி. பாதி ராஜபாளையம், மீதி எங்கள் கடைத்தெரு. எனக்கு அப்போது அறுபத்திமூன்று வயது. ஆனி மாதம், குறுவை நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. இடது கெண்டைக்காலைப் புடவையோடு சேர்த்துக் கவ்விவிட்டது. ராஜமாணிக்கத்தின் சம்சாரம் கமலா உள்ளேயிருந்து ஓடி வந்து, "பயப்படாதீங்கக்கா, அது ஒண்ணும் பண்ணாது" என்றாள். அது பண்ணி முடித்த பிறகு.

பாபநாசம் ஆஸ்பத்திரியில் நாலு தவணை ஊசி என்றார்கள். புண் ஆறும்வரை சேற்றில் கால் வைக்கக் கூடாது என்றார்கள். நடவு வேலைக்காரியிடம் சேற்றில் கால் வைக்காதே என்பது, தவிலடிப்பவரிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்பது போல. பதினோரு நாள் கூலி போயிற்று. பிறகு போனால் ஊரில் நட வேண்டிய வயலெல்லாம் நட்டு முடித்திருந்தார்கள்.

இன்னொன்றும் சொன்னாள் அந்த நர்ஸ் பெண். "கடிச்ச நாயைப் பத்து நாள் கவனிச்சுக்கிட்டே இருங்கம்மா. அதுக்கு உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒடனே வந்து சொல்லணும்."

ஆகவே கட்டுப்போட்ட காலோடு பத்து நாள் காலையும் மாலையும் உரக்கடைக்கு எதிரே பூவரச மரத்துக்குப் பின்னால் நின்று ஜிம்மியைப் பார்த்துவிட்டு வந்தேன். அது வாலாட்டினால் எனக்கு உயிர் வரும். ஒரு நாள் சோறு தின்னாமல் படுத்திருந்தது. பதறிப்போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். என்னைக் கடித்த நாயின் ஆரோக்கியத்துக்காக நானே சாமி கும்பிட்ட கொடுமையை யாரிடம் சொல்வது? (மறுநாள் தின்றது. தேங்காய் உடைத்தேன்.)

பத்தாம் நாள் மரத்தடியில் நிற்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. எங்கள் பக்கம் மழையில் பயிர் மூழ்கினால் நஷ்டஈடு கேட்டு எழுதிக் கொடுப்பார்கள். மூழ்கின பயிருக்கு உண்டென்றால், நாய் மேய்ந்த காலுக்கு ஏன் இல்லை? வாயால் கேட்க என்னால் ஆகாது. எழுதிக் கேட்கலாமே!

எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை எச்சில் சட்டையில் வழிந்தது.

"ஏண்டி தையலு, நாய் கடிச்சா ஊசி போடுவாங்க. நீ லெட்டர் போடப் போறியா? தெனம் மொகத்துல முழிக்கிற மனுசங்கடி. விட்டுத் தள்ளு."

"நீங்க மஸ்கட்டுல இருந்தப்போ ரெண்டு மாசக் கூலிய நிறுத்தினானே, விட்டுத் தள்ளினீங்களா?" என்று கேட்டேன். மனசுக்குள்தான். (என் சண்டைகள் எல்லாம் அங்கேதான் நடக்கும். அங்கே நான் தோற்றதே கிடையாது.) ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்தப் பதினோரு நாள் கூலியை என் கையால் எழுதிக் கேட்டு, என் கையில் வாங்காமல் விடுவதில்லை.

எனக்குக் கடிதம் எழுதவே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மஸ்கட்டில் இருந்த எட்டு வருஷமும் மாதம் ஒன்று எழுதியவள் நான். அதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் நலம் சொல்ல வேண்டும், பிறகு ஒவ்வொருவராக நலம் விசாரிக்க வேண்டும், பிறகு 'நிற்க' போட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். நஷ்டஈட்டுக் கடிதத்துக்கு வேறு முறை இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எழுதி முடித்தபோது நலம் ஒரு பக்கமும், நாய் மறுபக்கமும் இருந்தது.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. உறையை ஒட்டிவிட்டுப் பார்த்தேன். வெறும் வெள்ளையாக இருந்தது. வெள்ளையாக ஒரு கடிதம் ஒரு வீட்டுக்குள் போனால் கருமாதிக் கடிதாசி போல இருக்காதா? எனக்கு வழக்கு நாயோடுதான். அந்தக் குடும்பத்துக்கு நான் ஏன் கெட்ட சகுனம் ஆக வேண்டும்? அடுப்படிக்குப் போய் மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தடவினேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

நேரில் கொடுக்க முடியாது. வாசலில் ஜிம்மி. உறையின் பின்னால் என் பெயரை எழுதி, ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் போட்டேன். எங்கள் தெருவிலிருந்து கடைத்தெருவுக்குக் கூப்பிடு தூரம். கடிதம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது. நடுவில் ஆனி முடிந்து ஆடி பிறந்ததை நான் கவனிக்கவில்லை.

பதில் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, பத்து நாள் போயிற்று. பணக்காரர்கள் என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது கடிதம் எழுதினேன். அதில் நலம் பாதிப் பக்கம்தான். கோபம் என்றால் கோபம். ஆனாலும் மஞ்சள் தடவினேன். கோபத்துக்காக முறையை விட முடியுமா?

அடுத்து ஆடிப்பெருக்கு வந்தது. குடமுருட்டிப் படித்துறையில் பெண்கள் கூட்டம். காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பினால் எதிரே கமலா. கூட்டத்துக்குள் ஒளியப் பார்த்தேன். அவளோ ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ரெண்டு லெட்டரும் வந்துச்சு. உங்களுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு! எங்க நாய் கடிச்சதைக்கூட மனசுல வச்சுக்காம... ஆடி முடியட்டும்க்கா, நல்ல பதிலாச் சொல்றோம்" என்று சொல்லி, என் கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிவிட்டாள். பத்து நிமிஷத்தில் ஒரு வாளி நிறைய எலுமிச்சம்பழச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கொடுத்தனுப்பினாள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. (எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நான் நினைத்த நாள்களில்தான் பெரிய அவமானங்கள் நடந்திருக்கின்றன.) சோற்றைக் கொடுத்துக் கேஸை மூடப் பார்க்கிறார்கள்! ஆடியில் எங்களைப் போன்றவர்களிடம் காசு இருக்காது, சரி. உரக்கடைக்கு ஆடியில்தானே காசு புரளும்? அவர்கள் எதற்கு ஆவணி வரை தவணை சொல்ல வேண்டும்?

"ஏமாந்துறாத தையலு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேங்காய்ச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு மூன்றாவது கடிதம் எழுதினேன். அதில் மொத்தமே மூன்று வரிதான். மஞ்சள் மட்டும் கொஞ்சம் தாராளமாகத் தடவினேன்.

ஆவணி முதல் முகூர்த்த நாள். காலை ஒன்பது மணி இருக்கும். ராஜமாணிக்கம் அண்ணனும் கமலாவும் அவர்கள் மகன் செந்திலும் பட்டும் வேட்டியுமாக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். கமலா கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மல்லிகைப்பூ, நல்லதாக ஒரு புடவை. புடவைக்கு மேலே என் மூன்று கடிதங்கள், குங்குமப் பொட்டு வைத்து.

எங்கள் வீட்டுக்காரரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். 'பாத்தீங்களா?' என்ற பார்வை. கல்யாணமான நாற்பத்தைந்து வருஷத்தில் அப்படிப் பார்க்க எனக்கு வாய்த்த ஒரே சந்தர்ப்பம் அது. அரை நிமிஷம் அனுபவித்தேன்.

ராஜமாணிக்கம் அண்ணன் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, எங்க செந்திலுக்கு முப்பத்தஞ்சு முடிஞ்சுபோச்சு. இந்த ஊர் ஜனம் இதுவரைக்கும் ஒரு வரன் கொண்டாந்ததில்ல. நீங்க மூணு கொண்டாந்துட்டீங்க."

தாம்பாளத்தில் இருந்த கடிதங்களை எண்ணிப் பார்த்தேன். மூன்று.

கமலா தொடர்ந்தாள். "போன வருசம் மார்கழியில அவசரப்பட்டுப் பிரிச்ச ஜாதகம் ரெண்டும் தட்டிப்போச்சுக்கா. அதான் மஞ்ச தடவுன கவரைப் பாத்ததுமே, ஆடி கழியாம பிரிக்கக் கூடாதுன்னு சாமி மாடத்துல வச்சுட்டேன். தெனம் வெளக்கேத்திக் கும்பிட்டேன். கொண்டாந்தவங்க முன்னாடியே பிரிச்சா ராசின்னு இப்ப எடுத்துட்டு வந்திருக்கோம். செந்திலு, நீயே படிப்பா."

பிரிக்க வேண்டாம் என்று கத்த நினைத்தேன். வாய் வழக்கம்போல வரவில்லை. செந்தில் கிழக்கே பார்த்து நின்று உறையைப் பிரித்தான். மடித்த தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படித்தான்.

"அன்புள்ள ராஜமாணிக்கம் அண்ணன் அவர்களுக்குத் தையல்நாயகி எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் யாவரும் நலம். அங்கு தாங்களும், கமலாவும், தம்பி செந்திலும் நலமா? கமலாவின் மூட்டு வலி தேவலையா? ஜிம்மி நலமா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறதா?"

"நாயைக்கூட விட்டுவைக்காம விசாரிச்சிருக்காங்க பாருங்க!" கமலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

செந்தில் தாளைத் திருப்பினான். "நிற்க. ஆனி மாதம் நடவுக்குப் போகையில் மேற்படி ஜிம்மி என் இடது கெண்டைக்காலைக் கடித்துவிட்டபடியால்..." குரல் இறங்கியது. "பதினோரு நாள் நடவுக் கூலியும், கிழிந்த புடவை ஒன்றும் நஷ்டஈடாகத் தந்து, ஜிம்மியைச் சங்கிலியில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு வணக்கம். சின்னவர்களுக்கு ஆசி."

செந்தில் தாளை மறுபடியும் முன்பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"பொண்ணு எங்கப்பா?" என்றாள் கமலா.

"அடுத்ததைப் பிரிடா, அதுல இருக்கும்" என்றார் அண்ணன்.

அடுத்ததிலும் பதினோரு நாள் கூலிதான் இருந்தது. மூன்றாவதைச் செந்தில் மெதுவாகப் படித்தான். "இது மூன்றாவது கடிதம். கலவைச் சாதம் கிடைத்தது, உப்பு கொஞ்சம் குறைவு. கூலி கிடைக்கவில்லை. ஜிம்மி நலமா?"

எங்கள் வீட்டுக்காரர், "பசுவுக்குத் தண்ணி காட்டணும்" என்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். நாங்கள் பசுவை விற்று நாலு வருஷம் ஆகியிருந்தது.

கமலாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு மாதம் விளக்கேற்றிக் கும்பிட்டிருக்கிறாள். பழைய தையல்நாயகியாக இருந்தால், 'ஒண்ணும் வேண்டாம் கமலா, மன்னிச்சுக்கோ' என்று அழுதுகொண்டே அடுப்படிக்குள் ஓடியிருப்பாள். ஓடத்தான் காலை எடுத்தேன். எடுத்த கால் அந்த இடது கால். சுருக்கென்று வலித்தது.

நின்றேன். அத்தனை பேர் எதிரில், ஆம்பிளைகள் நிற்க, புடவையை ஒரு சாண் தூக்கித் தழும்பைக் காட்டினேன்.

"பொண்ணு இல்ல கமலா. நீ கும்பிட்டது வீணாப் போனதுக்கு எனக்கும் வருத்தந்தான். ஆனா காலு இருக்கு, பாத்துக்க. பதினோரு நாளு நான் வரப்புல நின்னு மத்தவங்க நடுறத வேடிக்கை பாத்தேன். அதுக்கு நீங்க பதில் சொல்லித்தான் ஆகணும்."

என் குரலா அது என்று நானே சுற்றிப் பார்த்தேன். கொல்லையில் இல்லாத பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர்கூட எட்டிப் பார்த்தார்.

முதலில் சிரித்தது செந்தில்தான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்பா, அவங்க கேக்குறது நியாயந்தானே? ஆடி பூரா நம்ம சாமி மாடத்துல வச்சுக் கும்பிட்டது அவங்க காலைத்தான்" என்றான். கமலா அழுதுகொண்டே சிரித்தாள். அண்ணன் மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை. "நாளைக்குக் கூலி வந்துரும் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத் தாம்பாளத்தை எடுக்கக் குனிந்தார்.

நான் தாம்பாளத்தின் இந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, புடவை இருக்கட்டும். கிழிஞ்ச புடவைக்குச் சரியாப் போச்சு."

மறுநாள் பதினோரு நாள் கூலியும் என் கைக்கே வந்தது. எங்கள் வீட்டுக்காரர் வாங்கக் கை நீட்டினார், கொடுக்கவில்லை. ஜிம்மிக்குச் சங்கிலி வந்தது. அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் அடுத்த பொங்கலுக்குக் கோயிலுக்குப் போனேன். கமலா பார்த்துவிட்டு, "கலரு உங்களுக்கு எடுப்பா இருக்குக்கா" என்று ஒரு மாதிரியாகச் சொன்னாள்.

இப்போதும் எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் வரத் தாமதமானாலும், பக்கத்து வீட்டு ஆடு செடியை மேய்ந்தாலும், பேரப்பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சொல்வது ஒன்றுதான்: "அப்பாயி, மஞ்சள கொழைங்க." வீட்டுக்காரர் எதிலிருந்தாவது நழுவப் பார்த்தால், "பசுவுக்குத் தண்ணி காட்டப் போறீங்களா?" என்று நான் கேட்பேன். வாய் விட்டே கேட்பேன்.

இரண்டு வருஷம் கழித்துச் செந்திலுக்குத் திருவையாற்றுப் பக்கம் பெண் அமைந்தது. கமலா பத்திரிகை வைக்க வந்தாள். உறையின் நாலு மூலையிலும் மஞ்சள்.

"அக்கா, இது நெசமாவே பத்திரிகைதான். எதுக்கும் என் முன்னாடியே பிரிச்சுப் பாத்துருங்க" என்றாள்.

ராகுகாலமா எமகண்டமா என்றெல்லாம் பார்க்காமல் உடனே பிரித்தேன். அனுபவசாலி இல்லையா, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஓரமாகச் செந்திலின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. என் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து எழுத்தில் எனக்கு வந்த ஒரே பதில் அதுதான்.

'ஜிம்மி நலம்.'