ரெட் சோன் அண்ணாச்சி

வானத்தைக் கண்டு பயந்த பைலட் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ரெட் சோன் அண்ணாச்சி. திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்த கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் நான் எடிட்டிங் செய்தேன், அவர் ட்ரோன் ஓட்டினார். ஓட்டினார் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது.

முறையாகப் படித்து லைசென்ஸ் வாங்கியவர் அவர். வினையே அதில்தான். அரசாங்க வரைபடத்தில் சிவப்பு என்றால் மத்திய அரசு சம்மதிக்காமல் பறக்கக்கூடாது. மஞ்சள் என்றால் விமான நிலையத்துக் கோபுரத்தில் அனுமதி கேட்க வேண்டும். பச்சையில் மட்டும், நானூறு அடி வரை யாரையும் கேட்காமல் போகலாம். எங்கள் திருவனந்தபுரத்தில் விமான நிலையம் ஊரை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. கல்யாண மண்டபங்களோ அதன் மடியிலேயே இருக்கின்றன. அண்ணாச்சி கைபேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்து, இழவு வீட்டுக்காரர் மாதிரி தலையாட்டுவார்.

"ரெட் சோனாக்கும். பறக்க ஒக்காது."

கோட்டைப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில் பெண்ணின் அப்பா விடவே இல்லை. அண்ணாச்சி யோசித்தார். பந்தல்காரரின் ஏணியை வாங்கி, ட்ரோனின் இறக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு, அதைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி உச்சிப்படி வரை ஏறிவிட்டார்.

"என்னவே இது?" என்றார் பெண்ணின் அப்பா.

"ஏணிக்குச் சட்டம் ஒண்ணும் இல்ல கேட்டேளா. சிரிங்கோ!"

முழுக்கல்யாணமும் வழுக்கைத் தலைகளாகப் பதிவாகியிருந்தது. எடிட்டிங் மேசையில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மற்ற ஸ்டுடியோக்காரர்கள் வரைபடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறக்கவிட்டார்கள். எங்களுக்கு வரவேண்டிய கல்யாணங்கள் அங்கே போயின. கடைசியில் முதலாளி, "எடோ அண்ணாச்சி, இந்த கல்ஃப் மாப்பிள்ளைக்கு மட்டும் ஆகாச ஷாட் இல்லேன்னா, நீ வேற ஜோலி நோக்கிக்கோ" என்று சொல்லிவிட்டார். ஐம்பது தாண்டிய மனுஷன். அவர் பேர் ஊரெல்லாம் பரவியிருந்ததால் வேறு எந்த ஸ்டுடியோவும் அவரை வாசலில்கூட நிறுத்தாது.

அண்ணாச்சி வரைபடத்தோடு மல்லுக்கட்டி, கல்லாறு போகிற வழியில், காட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தைப் பிடித்தார். சுத்தப் பச்சை. தோட்டக்காரரின் சம்மதமும் வாங்கியாயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற படத்துக்காக மாப்பிள்ளையும் பெண்ணும் அங்கே வந்தார்கள்; லைட் பிடிக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ட்ரோன் எழும்பியது. அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் கண் தோட்டத்து உச்சியில் இருந்த பாறைமேல் பட்டது. அதற்கு அப்பால் அதலபாதாளம். பாறையில் தாங்கள் இருவரும் நிற்க, பள்ளத்தின் மேலிருந்து ட்ரோன் தங்களைப் பிடிக்க வேண்டும் என்றார். பாறைக்கு ஏறி ட்ரோனை எழுப்பிய அண்ணாச்சி, அது விளிம்பைத் தொட்டதுமே திருப்பி இறக்கிவிட்டார்.

"எந்தா அண்ணாச்சி? ஸ்க்ரீன்ல முப்பது அடின்னுதானே காட்டுது?" என்றார் மாப்பிள்ளை.

"அது நாம நிக்கப்பட்ட பாறையிலேர்ந்து உள்ள கணக்கு மக்களே. சட்டம் நேர் கீழ உள்ள தரையிலேர்ந்து அளக்கும். அந்தப் பள்ளத்துக்கு மேல போனா அறுநூறு அடி தாண்டிரும்."

"பள்ளத்துல நின்னு யாரு அளக்கப் போறா?"

"எனக்குத் தெரியுமில்லா."

மாப்பிள்ளை முதலாளியைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, கைபேசியை அண்ணாச்சியிடம் நீட்டினார். "அவர் கேட்டத எடுத்துக் கொடு, இல்லேன்னா நாளைக்கு ஜோலிக்கு வரவேண்டா" என்று முதலாளி கத்தியது எனக்கே கேட்டது. எடுத்துத் தொலையுங்கள் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"சரி முதலாளி, வரல" என்றார் அண்ணாச்சி. ட்ரோனைத் துடைத்துப் பெட்டியில் வைத்து என் கையில் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் ஒன்றே ஒன்று சொன்னார். "அந்தப் பெண்குட்டிக்கு முகம் வாடிப்போச்சு. அதாக்கும் சங்கடம்."

நினைத்தபடியே வேறு யாரும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. இப்போது சாலைக் கடைத்தெருவில், மச்சினர் இரும்புக்கடையில் ஆணி நிறுக்கிறார். எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா அவர்மேல்? இன்னும் தீரவில்லை.

போன வாரம் என் மகள் கல்யாணப் பத்திரிகையோடு போனேன். மண்டபத்தின் பெயரைப் படித்ததும் அவர் முகம் சுருங்கியது.

"தம்பி, இங்கெ ட்ரோன் பறக்கதுக்கு..."

"ட்ரோன் வேண்டாம் அண்ணாச்சி. நீங்க வரணும். காலையிலேயே வந்திரணும்."

பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆணி நிறுக்கத் திரும்பிவிட்டார். வருகிறேன் என்று சொல்லவில்லை. வராவிட்டால் நானே கடைக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவேன். அதுவரை தாலி கட்ட விடமாட்டேன்.