நின்ற கடிகாரமும் நிற்காத ரயிலும்

மார்ச் 4, 1857

மதிப்பிற்குரிய கெசாயா அத்தை அவர்களுக்கு,

எல்க் கிரீக் வட்டாரத்தின் சட்டமன்ற உறுப்பினரும் தங்கள் அண்ணன் மகனுமாகிய ஏசா பெல்நாப் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதுவது. ஜலதோஷம் நீங்கலாக நான் நலம். தங்கள் முழங்காலும் பன்றிகளும் நலமென நம்புகிறேன். எழுத்து ஆடுவது குளிரால், கவலைப்படாதீர்கள். முதலில் நிம்மதியாக மூச்சு விடுங்கள். நிலம் தப்பியது. சோளக்காடு, கொட்டகை, ஆப்பிள் மரத்தடியில் மாமாவின் கல்லறை, எல்லாமே தப்பின.

ரயில் கம்பெனி கேட்ட நிலத்தைக் கம்பெனியே விலை வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்ற அந்த மசோதா இன்று வந்தது. கூட்டத்தொடரின் கடைசி நாள். பகல் பன்னிரண்டுக்கு மன்றம் கலைய வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை நாங்கள் மீற மாட்டோம் அத்தை, கடிகாரத்தை நிறுத்துவோம். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு வாயில்காப்பாளர் போக் நீண்ட கழியால் ஊசலைப் பிடித்து நிறுத்தினார். துணி ஆலையில் பதினான்கு மணி நேரம் நிற்கிற பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் குறைக்கச் சொன்னேனே, அந்த மசோதாவுக்கு நேரமில்லை என்றார்கள். ரயிலுக்காக நேரமே நின்றது! நிறுத்திவிட்டு, ஸ்டேஷன் யார் ஊரில் வருவது என்று புகையிலையைத் துப்பித் துப்பிச் சண்டை போட்டார்கள். எல்லாருடைய சட்டைப் பையிலும் கம்பெனி கொடுத்த இலவசச் சீட்டு. இன்றைய இரண்டு மணி ரயிலுக்கு மட்டுமே செல்லும். என் மேசையிலும் ஒன்று வைத்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திடீரென்று ரயில் ஊதியது.

"என்னய்யா ஊதுது? இன்னும் பன்னெண்டே ஆகலையே!" என்றார் மசோதாவைக் கொண்டுவந்த டிராஸ்க்.

"நம்ம கடிகாரம் நின்னது ரயிலுக்குத் தெரியுமாக்கும்? ஓடுங்கய்யா!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

கதவு, சன்னல், மாடிப்படிக் கைப்பிடி, கிடைத்த வழியிலெல்லாம் மக்கள் பிரதிநிதிகள் இறங்கினார்கள். டிராஸ்க் மேசைமேல் ஏறிக் கத்தினார்: "நாப்பத்தொரு பேர் இல்லாம வாக்கெடுப்பு செல்லாது! வெக்கங்கெட்டவங்களா, சீட்டுக் குடுத்தவனையே கவுக்கறீங்களே!"

ரயிலடி வரைக்கும் மூச்சிரைக்க ஓடிவந்தார் போக். "ஐயாமாரே, உள்ள நாப்பது பேர் ஆதரிச்சு ஓட்டுப் போடக் காத்திருக்காங்க! ஒரே ஒருத்தர் வாங்க! எதிர்த்துப் போட்டாலும் பரவால்ல, தலை இருந்தாப் போதும்!"

ஒரு தலையும் வெளியே நீளவில்லை. ரயில் கிளம்பிவிட்டது. மசோதா செத்தது, இனி இரண்டு வருடத்துக்கு அடுத்த கூட்டத்தொடர் இல்லை. கம்பெனியின் சட்டத்தைக் கம்பெனியின் ரயிலே ஏற்றிக்கொண்டு போய்விட்டது. விலைபோனவர்கள் வெட்கமில்லாமல் ஓடியதால் நாம் பிழைத்தோம். எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

தங்கள் கூரை ஒழுகாமலும் கிணறு வற்றாமலும் இருக்க ஆண்டவரை வேண்டும்,
ஏசா.

பி.கு.: எழுத்து ஆடுவது குளிரால் அல்ல, ரயிலால். ஓடினவர்களில் நானும் ஒருவன். போக் கூப்பிட்டபோது, சன்னலோர இடம் போய்விடுமே என்று தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டேன். நேர்மையாக உட்கார்ந்து எதிர்த்து வாக்களித்திருந்தால் நாற்பதுக்கு ஒன்றில் சட்டம் நிறைவேறி, தங்கள் நிலம் போயிருக்கும். யாரிடமும் சொல்லாதீர்கள். தண்டவாளம் ஆற்றங்கரையோடு முடிகிறது. நம் ஊருக்கு ரயில் வராமல் செய்தாகிவிட்டதே, மிச்சம் நாற்பது மைலுக்கு வண்டி அனுப்புங்கள்.