விவேகின் வளர்ந்த விதம்

மூளை என்ற உறுப்புக்கு உலகில் இன்று ஏதாவது மரியாதை இருக்கிறது என்றால், அதற்கு அந்த ஆய்வுக்கூடத்தின் இயக்குநர்தான் காரணம். இதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார்.

அவருடைய ஆய்வு மாணவி நான்கு வருடங்கள் குளிரறையில் ஸ்வெட்டரோடு நின்று, எலி மூளைகளை அரைத்து வடிகட்டி, கடைசியில் ஒரே ஒரு புரதத்தைத் தனியே பிரித்தெடுத்தாள். அது என்ன செய்கிறது என்று அவள் யோசிப்பதற்குள் இயக்குநர் அதற்கு 'விவேகின்' என்று பெயர் சூட்டி, வயது ஏற ஏற மூளையில் அது பெருகும் என்று பத்திரிகைகளுக்கு அறிக்கையும் கொடுத்துவிட்டார். அளந்து பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. அந்தச் சில்லறை வேலை மாணவியிடம் விடப்பட்டது.

அவள் அளந்தாள். நேற்றுப் பிறந்த குட்டி, ஒரு வாரக் குட்டி, மூன்று வாரக் குட்டி, முழுதாக வளர்ந்த எலி என்று வரிசையாக. புரதம் இருக்கும் இடம் கறுப்பாகப் பதியும் எக்ஸ்ரே படலத்தின் முதல் கட்டத்தில் விவேகின் மைபோலக் கறுத்திருந்தது, அடுத்ததில் வெளிறியது, மூன்றாவதில் வெறும் நிழல், கடைசியில் துடைத்துவிட்டாற்போல் ஒன்றுமில்லை. மூன்று முறை செய்து பார்த்தாள். எலிகள் இயக்குநரின் அறிக்கையைப் படித்ததாகவே தெரியவில்லை.

ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். வீட்டில் மாமியார், "எலி எப்பம்மா பாஸாகும்?" என்று பாசத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளுடைய அளவீட்டைப் பரிசீலிக்க இயக்குநர் தலைமையில் எழுவர் குழு கூடியது.

"பெரிய எலில நல்லாத் தேடினியாம்மா?" என்றார் இயக்குநர்.

"மூணு தடவை தேடிட்டேன் சார். இல்ல."

அந்த எலிக்கு மனக்கவலை இருந்திருக்கலாம் என்று ஒருவர் ஐயம் எழுப்பினார். அது கூட்டக் குறிப்பில் ஏற்றப்பட்டது. துணை இயக்குநர் படலத்தை எடுத்தார். ஓரத்தில் அவள் எழுதியிருந்த வயதுகளை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, படலத்தை இடவலமாகத் திருப்பி வைத்து, வயதுகளை மட்டும் பழைய வரிசையிலேயே எழுதினார். விவேகின் படிப்படியாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக வளர்ந்தது.

"இப்பப் பாரு," என்றார் இயக்குநர். "எதையும் ரெண்டு பக்கமும் பாக்கணும்மா."

"அப்ப நேத்துப் பொறந்த குட்டி கிழடாயிடுமே சார்."

"ஆகட்டுமே. அது வந்து கேக்கவா போகுது?"

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்த பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது. எப்போதிலிருந்து தனக்கு இப்படிச் சிரிக்க வருகிறது என்று யோசித்தாள்; நாள் நினைவுக்கு வரவில்லை.

விவேகின் வயதோடு வளர்கிறது என்ற முடிவுத் தாள் சுற்றி வந்தது. வயதில் மூத்தவர் முதலில், படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார். பிறகு மற்ற ஆறு பேர். வளர்ந்த மூளையில் விவேகின் அறவே இல்லை என்ற அவளுடைய கண்டுபிடிப்பு, அந்த மேசையில் ஏழு முறை ஐயத்துக்கிடமின்றி உறுதியானது.

பேனா அவளிடம் வந்தது. கையெழுத்திட்டு, எட்டாவது சான்றை அவளே சேர்த்தாள்.