தேவதூதன் பிடித்துத் தந்த ஸ்பொன்சர்

கொழும்புத்துறையில் அந்த மாதம் மீன் விலையைப் பற்றிக்கூட ஒருவரும் கதைக்கவில்லை. கதையெல்லாம் தீர்க்கதரிசி ஜெயசுதனைப் பற்றித்தான். பூட்டிக் கிடந்த ரியூசன் கொட்டிலில் சனம் நெரிந்தது. முருங்கையிலைத் தூள், தேன், பல்பொடி என்று ஆளுக்கொரு போத்தலோடு வரிசை. சண்டிலிப்பாயிலிருந்து மரியரட்ணம் என்பவர் வான் பிடித்தே வந்திருந்தார்.

இவர்களுக்கெல்லாம் அவுஸ்திரேலியாவில் மருந்துச் சாமான் விற்கும் ஆசை. அங்கே விற்பதென்றால் அந்த நாட்டிலேயே இருக்கும் ஒருவர் ஸ்பொன்சராக நின்று, சாமானைப் பதிந்து, பிழை வந்தால் சட்டத்துக்குப் பதில் சொல்லவேண்டும். சாதாரண மனிதன் கம்பனி தேடுவான், கடிதம் எழுதுவான், பரிசோதனை அறிக்கை அனுப்புவான். ஜெயசுதனுக்கு அந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை. அவரிடம் தேவதூதன் இருந்தான். தூதன் மெல்பேணுக்குப் பறந்து, ஒரு வெள்ளைக்காரரின் கனவில் தோன்றி, "எழும்பு, இவர்களுக்கு ஸ்பொன்சராக நில்" என்று கட்டளை போடுவானாம். விண்ணுலகத்தில் வேலை அவ்வளவு குறைந்துபோய்விட்டது, பாவம்!

அற்புதராணி நோவெண்ணெய் காய்ச்சுகிறவள். கை சுத்தம், எண்ணெய் சுத்தம், மனசும் சுத்தம். அந்தக் கடைசிச் சுத்தம்தான் ஆளைக் கெடுத்தது. ஸ்பொன்சர் கிடைப்பதற்காகத் தீர்க்கதரிசிக்குக் காணிக்கையாக அவள் நேர்ந்திருந்தது புருஷன் யாகோப்புவின் வள்ளத்து எஞ்சினை. அந்த எஞ்சின் ஓடினால்தான் வீட்டில் அடுப்பெரியும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதைக் கொடுத்துவிட வேண்டும்.

"அண்ணை பிறகு என்னத்தாலை கடலுக்குப் போறது? நீந்தியோ?" என்று கேட்டாள் மார்கிரட். அவள் யாகோப்புவின் தங்கை, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள்.

"விசுவாசமில்லாமல் கதையாதை மச்சாள். போன கிழமை ஸ்பொன்சரே போனிலை கதைச்சவர். என்ரை ரெண்டு காதாலையும் கேட்டனான்."

"அவரின்ரை பேரைச் சொல்லு. பதிஞ்ச ஸ்பொன்சர்மாரின்ரை பேர் எல்லாரும் பாக்கலாம். உந்தப் போனிலையே தட்டிப் பாப்பம்."

"பேரை வெளியிலை சொன்னா அபிஷேகம் போயிடுமாம்."

"ஓமோம், போகும்தான்."

புதன்கிழமைக் கூட்டத்துக்கு மார்கிரட்டும் போனாள். எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்தபோது அவள் மூடவில்லை. அதனால் ஒன்று கண்ணில் பட்டது: ஓர்கன் வாசிக்கும் சுரேஸ், தீர்க்கதரிசியின் மைத்துனன், ஸ்பொன்சரின் போன் வருவதற்குச் சற்று முன் பின்கதவால் நழுவினான். பின்னாலேயே போனாள். இரண்டு ஒழுங்கை தள்ளி நீலக் கேற் போட்ட வீட்டுக்குள் புகுந்தான். மார்கிரட் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை, பாணும் பணிசும் விற்கும் பாண் ஓட்டோ ஓட்டும் பிரகாஸிடம் தவிர.

ஞாயிறு பின்னேரம் எஞ்சின் கொட்டில் வாசலுக்கு வந்துவிட்டது. பிரேதத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி யாகோப்பு அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அற்புதராணிக்கு அவருடைய முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

போன் அடித்தது. ஜெயசுதன் அதை மைக்கோடு சேர்த்துப் பிடித்தார். மூக்கால் ஒரு இங்கிலிஸ் வழிந்தது. ஜெயசுதன் அதைத் தமிழில் சொன்னார்:

"மெல்பேணிலை இப்ப இரவாம். சரியான குளிராம். எங்கடை அற்புதராணி அக்காவின்ரை எண்ணெய்க்காக முழங்காலிலை நிக்கிறாராம்!"

"அல்லேலூயா!" என்று கொட்டில் அதிர்ந்தது.

அந்த நேரம் போனுக்குள்ளே ஒரு பாட்டுக் கேட்டது. பின்னேரத்தில் ஒழுங்கை ஒழுங்கையாகக் கேட்கும் அதே பாண் ஓட்டோப் பாட்டு. கொட்டிலுக்கு வெளியே ஒரு சத்தமும் இல்லை. மெல்பேணில் மட்டும் பாண் வந்திருந்தது.

"அண்ணை! பணிஸ் சுடச்சுட இருக்கு, தரட்டோ?"

வெள்ளைக்காரருக்கு இங்கிலிஸ் மறந்துபோயிற்று. "டேய், கேற்றடியிலை நிண்டு கத்தாதை, கோலிலை நிக்கிறன்! சரி சரி, ரெண்டை மதிலிலை வைச்சிட்டுப் போ!"

"உது சாத்தான்ரை சத்தம்!" என்று ஜெயசுதன் போனைப் பொத்தினார்.

மார்கிரட் எழும்பினாள். "சாத்தானுக்குப் பணிஸ் எண்டா அவ்வளவு விருப்பமோ, பிரதர்? ரெண்டு ஒழுங்கை தள்ளி நீலக் கேற். வாங்கோ எல்லாரும், மெல்பேண் பாத்திட்டு வருவம்."

சனம் திரண்டு போனது. சுரேஸின் ஒரு கையில் போன், வாய் நிறையப் பணிஸ். அல்லேலூயா சொல்லவும் முடியவில்லை. தீர்க்கதரிசி தப்பி ஓடப் பார்த்தார். மரியரட்ணம் வானைக் கொட்டில் வாசல் படலைக்குக் குறுக்கே விட்டிருந்ததை மட்டும் அவருடைய தீர்க்கதரிசனம் காட்டவில்லை. பொலிஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

யாகோப்பு எஞ்சினைத் தோளில் தூக்கினார். அற்புதராணி விக்கி விக்கி அழுதாள்.

"இத்தினை சனத்திலை ஒருத்தருக்கும் ஏன் விளங்கேல்லை, மச்சாள்?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. உன்ரை எண்ணெய் நல்ல எண்ணெய். நாளைக்குக் கம்பனிக்குக் கடிதம் எழுதுவம். ஒண்டு மாட்டனெண்டா இன்னொண்டு."

கலைந்துபோன கூட்டத்தில் ஒருவர் மற்றவரின் காதுக்குள் சொன்னார்: "தெல்லிப்பழைப் பக்கம் ஒரு சாமியார் இருக்கிறாராம். கனடாவுக்கு அவர்தான் திறமாம்!"

மகா சனங்களே, கேள்வி கேட்க எந்த நாட்டு அனுமதியும் தேவையில்லை. கேட்காவிட்டால், இன்றைக்கு எஞ்சின் கேட்டவன் நாளைக்கு வள்ளத்தையும் கேட்பான். நீங்களே தள்ளிக்கொண்டு போய்க் கொடுப்பீர்கள்.